வெறும் எடை

கொருக்குப்பேட்டை கேட் விழுந்துவிட்டது.
சரக்கு ரயில் எண்ணூரை விட்டே கிளம்பியிருக்காது,
ஆனாலும் விழுந்துவிட்டது.
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக
ஒரு பக்க இடுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.
மறுபக்கம் போன மாதம் ஒரு செவ்வாயிலிருந்து
என் பேச்சைக் கேட்பதில்லை.

முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி.
பின்கதவில் வெள்ளை எழுத்து:
வெறும் எடை இவ்வளவு,
ஏற்றக்கூடிய எடை இவ்வளவு.
இரும்புக்கு எவ்வளவு மரியாதை!

அந்தச் செவ்வாய்,
பதினேழாம் கட்டில், பக்கவாதம்,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மனிதர்.
கேஸ் ஷீட்டில் நாடி இருந்தது, சர்க்கரை இருந்தது,
மதம்கூட இருந்தது.
எடைக்கான கட்டத்தில் ஒரு கோடு.
தொண்ணூறுக்குக் குறையாது என்பது
தூக்கிய பிறகு தெரிந்தது.

ஸ்கேனுக்குப் போக வேண்டும்.
ட்ராலிக்கு மாற்ற நானும் பெனடிக்டாவும்.
கட்டிலை உயர்த்தும் கைப்பிடி சுழலாது,
அதில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.
ஒண்ணு, ரெண்டு, மூணு என்றேன்.
அவள் மூணில் இழுத்தாள்.
நான் மூணு முடிந்து இழுத்தேன்.
நடுவில் இருந்த அந்த அரை நொடி
மனிதர் முழுதாக என்மேல் இருந்தார்.

பழைய பூட்டில் வேறு சாவி திரும்பியதுபோல
இடுப்புக்குள் ஒரு சத்தம்.
அவருக்கும் கேட்டிருக்கும்.
கோணிய வாயால் ஏதோ சொல்ல வந்தார்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன்,
ட்ராலியின் கம்பியைப் பிடித்தபடி.

எலும்பு டாக்டர் எழுதினார்: படுக்கை ஓய்வு.
எந்தப் படுக்கையில், சார்?
வார்டில் நாற்பது கட்டில், நாற்பத்தாறு பேர்.
வெயிட் தூக்காதீங்க சிஸ்டர் என்றார்.
இருவரும் சிரித்துவிட்டோம்.
சிரித்ததில் மறுபடி பிடித்துக்கொண்டது.

வழுக்கு விரிப்பு இரண்டு இருக்கிறது, ஸ்டோரில்,
உறை பிரிக்காமல், பூட்டிய பீரோவில்.
அழுக்கானால் கணக்கு யார் சொல்வது?

மார்க்கெட் முனையில்
மழைக்குச் சரிந்து கிடந்த பிளெக்ஸை
பெனடிக்டாதான் சுருட்டிக்கொண்டு வந்தாள்.
யாரோ வட்டச் செயலாளரின் பிறந்தநாள்.
கும்பிட்ட கையோடு அவரை
டெட்டாலில் கழுவி, மொட்டைமாடியில் உலர்த்தி,
வழவழப்பு உள்ளே வர இரண்டாக மடித்தோம்.
அதன்மேல் ஒரு துணி.
நோயாளியை ஒருக்களித்து, அடியில் செருகி,
திரும்ப மல்லாத்தினால்
நகர்கிறார்!
தூக்கவே இல்லை, நகர்கிறார்,
ஈர மணலில் கட்டுமரம் இறங்குவதுபோல.
அண்ணன் இப்போது தினமும்
நாலு பேரையாவது தாங்குகிறார்.

கைப்பிடிக்குத் தையல் மிஷின் எண்ணெய்,
வீட்டிலிருந்து, என் செலவு.
மூன்று இரவு ஊற்றினேன்.
நாலாம் இரவு ஒரு முனகலோடு சுழன்றது.
கட்டில் மெல்ல எழுந்து
என் இடுப்பைத் தேடி வந்தது.
பதினோரு வருடமாக
நான்தான் அதனிடம் குனிந்துகொண்டிருந்தேன்.

இப்போது மூணு கிடையாது.
ஒண்ணு, ரெண்டு, இழு.
இழு என்றால் எவருக்கும் சந்தேகமில்லை.

நேற்று ராத்திரி,
நிற்க முடிந்தவர்களை மிஷினில் நிற்கவைத்து
முடியாதவர்களை வீட்டாரிடம் கேட்டு
நாற்பத்தாறு கட்டங்களையும் நிரப்பினேன்.
இதெல்லாம் யார் கேட்டாங்க, ருக்சானா?
மேட்ரன் புரட்டினார், புரட்டினார்.
பிறகு முப்பத்தொன்றாம் கட்டிலில் நிறுத்தி
நூற்றிப் பன்னிரண்டா என்றார்,
தன் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே.
பீரோ சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.
தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

நானும் ஏறி நின்றேன், கடைசியாக.
வெறும் எடை ஐம்பத்து மூன்று.
அடுத்த எண்ணை
எழுத இடமில்லை.

வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.
காலையில் செருப்பு மாட்ட
இன்னும் சுவர் வேண்டியிருக்கிறது.
போன வாரம் சேர்ந்த பெண்ணுக்கு
நாங்கள் ஏன் பிளெக்ஸை வெள்ளிபோல் பாதுகாக்கிறோம் என்று
புரியவில்லை.
புரியாமலே இருக்கட்டும்.

கேட் எழுகிறது.
ஹாரன்கள், புழுதி, முதல் கியர்.
அண்ணே,
தண்டவாளம் தாண்டினதும் ஒரு பள்ளம் இருக்கு,
அதுல மட்டும் கொஞ்சம் மெதுவா.